முந்திக்கொண்ட துப்பாக்கிச் சத்தம்

வீட்டுக்கு ஒரு சர்வர் வைக்கப் போகிறேன் என்றதும் என் மனைவி, "ஏனுங்க, ஊட்டுல இருக்கறதே மூணு பேரு. பரிமாற ஆளு எதுக்குங்க?" என்றாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் படங்களையும் சீரியல்களையும் நிரப்பி டிவிக்கு அனுப்பும் ஏற்பாடு அது என்று விளக்கினேன். "அதுக்குத்தான் கேபிள் இருக்குதுங்களே" என்றாள். விஞ்ஞானத்துக்கு எந்தக் காலத்திலும் வீட்டில் ஆதரவு இருந்ததில்லை.

எல்லாம் என் மாமனாருக்காக. குமாரபாளையத்துத் தறிக்கூடங்களிலேயே வாழ்நாளைக் கழித்ததில் அவருக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. காது மெஷின் வைத்துக்கொள்ள மாட்டார், அது வயசானவர்களுக்காம். அதனால் எங்கள் டிவி அலறியது. எழுத்து ஓடினால் சத்தம் எதற்கு என்று யோசித்து, வெளிநாட்டுப் போலீஸ் சீரியல் ஒன்றை ஏற்றி, தமிழ் சப்டைட்டிலும் தேடிப் பிடித்தேன்.

முதல் நாள் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. டிவிக்குத் தமிழ் எழுத்துரு தெரியவில்லை. சரி, சர்வரே எழுத்தைப் படத்தின்மேல் பதித்து அனுப்பட்டும் என்று மாற்றினேன். கம்ப்யூட்டர் மாவுமில் மாதிரி இரைந்தது; கொலைகாரன் ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்றான்.

"கரண்டு கொறவா வருதாட்ட இருக்குதுங்க மாப்ள" என்றார் மாமனார், பரிவோடு.

படத்தின் தரத்தைக் குறைத்ததும் ஓடியது. வெற்றிப் பெருமிதத்தோடு நான் வேலை பார்க்கும் நூல்கடைக்குப் போய்விட்டேன்.

விடுமுறையன்று கூடத்தில் மாமனாரோடு அவருடைய பழைய தறிக் கூட்டாளிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் காது மந்தம். கண்புரை வேறு, திரையின் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. "இப்பச் சுடுவான் பாருங்க" என்று மாமனார் கத்தினார். திரையில் ஒருவன் சுருண்டு விழுந்தான்.

"எப்புடிங்க கண்டுபுடிக்கறீங்க?" என்று கத்தினார் கூட்டாளி ஒருவர்.

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?"

எனக்கு விளங்கிவிட்டது. அது காது கேளாதவர்களுக்காக எழுதிய சப்டைட்டில். 'துப்பாக்கிச் சத்தம்' என்று கீழே வந்து, சில நொடி கழித்துத்தான் படத்தில் சுடுகிறார்கள். எழுத்து முந்துகிறது. இந்தக் கேவலம் என் சர்வரிலா? அன்றைக்கே உட்கார்ந்து, எழுத்தைத் தாமதப்படுத்திச் சரிசெய்தேன்.

மறுநாள் மாமனார் எழுத்துக்கூட்டிப் படித்து "இப்பச் சுடுவான்" என்றபோது பிணத்தையே எடுத்துப் போயிருந்தார்கள். கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, சர்வருல கோளாறுங்க."

"இப்பத்தான் மாமா சரியா இருக்குது" என்று காதருகே கத்தினேன்.

"சரியா இருந்து என்னத்துக்குங்க ஆவுது? மின்ன இருந்தாப்புலயே உட்ருங்க."

மனைவியும் சேர்ந்துகொண்டாள். "அப்பா கேக்கறாப்புல செஞ்சுருங்க. அதால ஒருத்தராச்சும் சந்தோசமா இருக்கட்டும்."

சர்வரில் அவருக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, அதில் மட்டும் எழுத்து முந்தி வரும்படி வைத்தேன். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தவறாக வேலை செய்ய வைப்பது லேசான வேலையல்ல, பாராட்டத்தான் ஆளில்லை. மாமனார் மறுபடி தீர்க்கதரிசி ஆனார். கூட்டாளிகள் தினமும் வருகிறார்கள்.

போன வாரம் கிரிக்கெட்டுக்கும் இதே மாதிரி முன்கூட்டியே எழுத்து வரச் செய்ய முடியுமா என்று கேட்டார். நேரலையில் அது நடக்காது என்றேன்.

"அப்ப இன்னும் நீங்க முழுசாக் கத்துக்கலீங்க மாப்ள" என்றார்.