திண்டிவனத்தில் எடுத்த மூன்று அவுட்

எங்கள் சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து எது நடந்தாலும் இலை போடுவதற்குள் என் அப்பா ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடுவார். திண்டிவனத்துப் பெண்கள் மூன்று பேரை அவருடைய மகள், அதாவது நான், வரிசையாக அவுட் ஆக்கிய கதை. புதிதாகச் சம்பந்தம் செய்தவர்கள் மரியாதைக்காகக் காது கொடுப்பார்கள். பழைய ஆட்கள் கை கழுவும் சாக்கில் நழுவிவிடுவார்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றதை மட்டும் அப்பா எந்த இடத்திலும் சொல்வதில்லை. இருபத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. கெடாருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடம். ஒரு நாள் மூட்டை கட்டி வந்து இறங்கிய விளையாட்டுச் சாமான்களில் மூன்று மட்டை, ஒன்பது தோல் கையுறை, பெரிய சாத்துக்குடி அளவில் சில பந்துகள் இருந்தன. சாஃப்ட்பால் என்றார் பி.டி. சார். அவரும் அதுவரை ஆடியதில்லை. ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிப்பார், நாங்கள் ஆடுவோம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கின கொல்லைதான் எங்கள் மைதானம். பொதபொதவென்ற மண்ணில் பந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், நிதானமாகப் போய் எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பந்தையும் நாங்கள் பிடித்துவிடுவதாக அதனால் ஒரு நம்பிக்கை எங்களுக்கு இருந்தது.

பந்து போடுவது நான். சாஃப்ட்பாலில் கையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழிருந்து போடவேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் கிழித்து அதற்குள் குறி பார்த்துப் போட்டுப் பழகினேன். பத்துக்கு எட்டு உள்ளே போகும். சுவருக்கு முன்னால் மட்டையோடு யாரையாவது நிற்கவைத்துப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, சாருக்கும் தோன்றவில்லை.

திண்டிவனத்தில் போட்டி என்று வந்தபோது அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பெரிய மனுஷி ஆவுற வயசுல ஊர் ஊரா பந்து போட்டுக்கினு சுத்துவியா?" என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார்.

"இந்த ஒரு ஆட்டம் போவட்டும். நானும் கூட வர்றேன். நாலு பேர் சிரிக்கிற மாதிரி ஆச்சின்னா அதோட சரி. அப்பறம் பந்துன்னு வாயத் தொறக்கக் கூடாது."

சரி என்று தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என்னை யார் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்ற திமிர்தான்.

விழுப்புரத்தில் பஸ் மாறித் திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். எதிரணியில் இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் முதுகில் எண் போட்ட பனியன். அவர்களுடைய டீச்சர் தலையில் தொப்பி, கழுத்தில் விசில் என்று கம்பீரமாக நின்றார். நாங்கள் ஒன்பதே பேர், பள்ளிக்கூடச் சுடிதாரில். மைதானம் வேறு தார் ரோடு போல இறுகிக் கிடந்தது.

அவர்கள் முதலில் மட்டை பிடித்தார்கள். இந்த ஆட்டத்தில் மூன்று பேர் அவுட் ஆனால்தான் பக்கம் மாறும். அதுவரை அவர்கள் அடித்துக்கொண்டே இருக்கலாம். மைதானத்தின் மூலைகளில் பேஸ் என்று மூன்று இடம், அவற்றைச் சுற்றி மட்டை பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். இன்னொன்று, குறி தப்பின பந்தை நடுவர் 'பால்' என்பார், அப்படி நான்கு போட்டால் மட்டை பிடித்தவள் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். பேஸ் எல்லாம் நிரம்பியிருந்தால் அப்படி ஒருத்தி நடக்கும்போது கடைசியில் நிற்பவள் தள்ளப்பட்டு ரன் எடுப்பாள்.

மட்டையோடு ஒரு நிஜப் பெண் வந்து நின்றதும் அவள்மேல் பட்டுவிடுமோ என்று எனக்குக் கை வராமல் போயிற்று. பந்து அந்தப் பக்கம் ஒரு கஜம், இந்தப் பக்கம் ஒரு கஜம் என்று போனது. அவர்கள் ஒவ்வொருத்தியாக நடந்தார்கள். அடித்த ஒன்றிரண்டு பந்தும் எங்கள் பெண்களின் காலுக்கு நடுவில் புகுந்து காம்பவுண்டு வரை ஓடியது. ஏழு, பதினொன்று, பதினாறு. ஒரு அவுட்கூட விழவில்லை. முதல் சுற்று முடியாமல் ஆட்டத்தை நிறுத்தவும் முடியாதாம். சுற்றி நின்ற பையன்கள் நான் கையைத் தூக்கும்போதே "பால்!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பத்தொன்பதாவது ரன் போனபோது பார்த்துவிட்டேன். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் அடையாளம். முடிந்தது, இனிமேல் பந்தைத் தொடவே முடியாது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் தொப்பி போட்ட டீச்சர் கை காட்டி ஆட்டத்தை நிறுத்தினார். பேஸில் நின்ற மூன்று பேரையும் கூப்பிட்டு என்னவோ சொன்னார். மூன்றாவது பேஸில் நின்றவள் அவர்களுடைய கேப்டன், ஏழாம் எண். அவள் மட்டும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சதி செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

இங்கே அப்பா எல்லைக் கோடு வரைக்கும் வந்துவிட்டார். அவருக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் அவருக்கும் பொறுக்கவில்லை.

"பாப்பா! ஏன் இப்பிடி பதறுற? கொல்லையில எள்ளு வெதை தெளிக்கிற மாதிரி கையத் தாழ்த்தி மெதுவா விடு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அழுகையும் கோபமுமாக அவர் சொன்னபடியே விட்டேன். அந்தப் பந்தும் விலகித்தான் போனது. ஆனால் நடுவர் கையை உயர்த்தி "அவுட்!" என்றார். பந்து என் கையை விட்டுப் போவதற்கு முன்பே இரண்டாவது பேஸில் நின்றவள் காலை எடுத்து ஓடிவிட்டாள். அப்படி எடுத்தால் அவுட்.

அடுத்த பந்துக்கு முதல் பேஸில் இருந்தவள் அதே போல முந்திக்கொண்டு ஓடினாள். அவுட். அதற்கு அடுத்த பந்தில் ஏழாம் எண். மூன்று பந்தில் மூன்று அவுட். நான் குதித்த குதியில் செருப்பு எங்கேயோ பறந்தது. எங்கள் எட்டுப் பேரும் ஓடிவந்து என்மேல் விழுந்தார்கள். அப்பா துண்டைத் தலைக்குமேல் சுற்றினார்.

மூன்று சுற்றோடு ஆட்டம் முடிந்தது. தோற்ற கவலை ஒருத்திக்கும் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அப்பா எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடமும் விடவில்லை.

"மூணு பேருங்க... வரிசையா! எள்ளு தெளிக்கிற மாதிரி விடுன்னேன், அவ்ளோதான். அந்தப் பொண்ணுங்களுக்குக் கால் நிக்கல."

"அப்படியாங்க," என்று கடைக்காரர் எண்ணெயைப் பார்த்தபடி சொன்னார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அடுத்தது எங்க ஆட்டம்?" என்று அப்பாவே கேட்டார். அந்தக் கேள்வியில்தான் என் வாழ்க்கை கிளம்பியது. ஆடினேன். ஆட்டத்தை வைத்து விழுப்புரத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. விளையாட்டுக் கோட்டாவில் காவல்துறை வேலை. இன்று நான் உடுத்துகிற காக்கி வரைக்கும் எல்லாம் அந்த மூன்று அவுட்டிலிருந்து வந்தவை.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒரு ஆட்டம். எங்கள் பக்கம் பதினேழு ரன். எதிரே பந்து போட்ட பெண்ணுக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது பேஸில் நின்றேன். எங்கள் பயிற்சியாளர் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த பந்துக்கு முன்னாடியே கால எடுத்துடு," என்றார்.

"அவுட் ஆயிடுமே சார்?"

"ஆவட்டும். அதுக்குத்தான் சொல்றேன். பாவம், எவ்ளோ நேரம்தான் அந்தப் பொண்ணு நிக்கும்? வேணும்னே மட்டையக் காத்துல வீசினா அவளுக்கே தெரிஞ்சிபோவும். இது தெரியாது."

காலை எடுத்தேன். அவுட். அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்து வந்தேன். பாதி தூரம் வந்ததும் நின்றுவிட்டேன். திண்டிவனம் மைதானம் முழுசாக என் கண்ணில் வந்து நின்றது. டீச்சர் ஆட்டத்தை நிறுத்தியது, மூன்று பேரிடமும் பேசியது, ஏழாம் எண் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பேர் நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவுட் ஆனதற்காக அழுகிறேன் என்று தோழிகள் தேற்றினார்கள்.

அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் கதை சொல்லும்போது கூட நின்று தலையாட்டுகிறேன். அந்த டீச்சரின் பெயரோ அந்தப் பெண்ணின் பெயரோ எனக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு தேடிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். நன்றி சொல்ல மட்டும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும்தான்.

ஏனென்றால் அன்று ஆட்டம் முடிந்ததும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொண்டோம். ஏழாம் எண் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா போட்ட" என்றாள். அப்பா கொடுத்த தைரியத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கேப்டன்னு சொல்லிக்கிறீங்க, அவசரப்பட்டு ஓடுறீங்களே அக்கா. கொஞ்சம் நின்னு பழகுங்க."

அவள் பின்னால் மற்றப் பத்தொன்பது பெண்களும் நின்றார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, ஒருத்தியும் பதில் பேசவில்லை.

"சரிம்மா, பழகிக்கிறேன்," என்றாள் அவள். பாவம், ரோஷம்கூட வராத பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்தவளுக்குக் கையை நீட்டினேன்.