லேப் அக்காவின் மகள்

பெரிய பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் லேப் அக்கா. அறிவியல் கூடத்தைப் பெருக்கித் துடைப்பது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, முப்பது மைக்ராஸ்கோப்பையும் மெல்லிய துணியால் துடைத்து உறை போட்டு மூடுவது, எல்லாம் அவள் வேலை. பதினொரு வருஷத்தில் ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு பதமான கை.

மகள் படித்ததோ இரண்டு தெரு தள்ளி இன்னொரு பள்ளிக்கூடம். புத்தகம் ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான். ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் புத்தகத்துப் படத்தைப் பார்த்தே படம் வரைந்தார்கள். என்ன நியாயமோ!

லேப் டீச்சர் நல்ல மனுஷி. ஒரு நாள் தானாகவே கேட்டாள்.

"உன் பொண்ணும் சயின்ஸ்தானே படிக்கிறா? சனிக்கிழமை கூட்டிட்டு வாயேன், நான் சொல்லித் தர்றேன்."

"சரிங்க டீச்சர்" என்று தலையை ஆட்டினாள். அதோடு சரி. யாராவது போட்டுக் கொடுத்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்களே என்று பயம். சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாசுக்குப் பிள்ளைகள் வரும். பளபளவென்று திரியும் அதுகள் நடுவில் மகள் கூனிக் குறுகி நிற்பாளே என்பது அதைவிடப் பெரிய பயம். வீட்டில் பேச்சே எடுக்கவில்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் பெருக்குகிறாள் என்பதற்கு மேல் மகளுக்கு எதுவும் தெரியாது.

மார்க் வந்தது. எழுத்துத் தேர்வில் மகள் வாரிக் குவித்திருந்தாள். செய்முறைத் தேர்வுதான் காலை வாரிவிட்டது. ஆசைப்பட்ட நர்சிங் படிப்பு மூன்று மார்க்கில் கைவிட்டுப் போனது.

மகள் அழவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"வேற ஸ்கூல்லதானே பரீட்சை. வெங்காயத் தோலை வெச்சுப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தா ஒரே இருட்டும்மா. எதை எதையோ திருகினேன். அந்த ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் பார்த்துப் பார்த்து வரையுது. நான் மனப்பாடமா இருந்த படத்தை வரைஞ்சேன். மேடம் வந்து எட்டிப் பார்த்துட்டு, பார்க்காமலே வரைஞ்சியான்னு கேட்டுட்டாங்க."

"அடியே, கீழே குட்டிக் கண்ணாடி ஒண்ணு இருக்குமே! அதை ஜன்னல் பக்கம் திருப்பினா வெளிச்சம் வந்திருக்குமே!"

வாய் தவறி வந்துவிட்டது. மகள் மடிப்பதை நிறுத்தினாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பது மைக்ராஸ்கோப் இருப்பதை, டீச்சர் கூப்பிட்டதை, தான் பயந்ததை, ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் கத்துவாள் என்று காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றாள் மகள். "நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன்."