பஸ்ஸில் இருந்த ஒருத்தர்

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்த்தவர் யாருமில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.

எழுபதுகளின் இறுதியில் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். தொழிற்சங்கத்துக்காரர்களும் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களும் எங்கெங்கே தாக்கப்படுகிறார்கள் என்று கோலாலம்பூரில் சிலர் கணக்கெடுத்தார்கள். எங்கள் மலைக்கு நான்தான் ஆள். ஒரே நிபந்தனை: குடும்பத்தைச் சேராத ஒருவர், நேரில் கண்டதாகப் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் சேராது. நம்பகம் முக்கியமல்லவா!

முனியாண்டி எங்கள் தோட்டத்தில் மருந்து தெளிப்பவன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் வராததைத் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதினான். சில நாளில் அவன் வலது கை நசுங்கியது. குடித்துவிட்டுச் சரிவில் உருண்டான் என்றது நிர்வாகம். சாராயத்தைத் தொட்டறியாதவன்...

அவன் கை நசுங்கிய அன்று மாலை, தானா ராத்தா டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த காய்கறி லோரிக்கு வழிவிட்டு, வளைவில் பஸ் நின்றது. பனி படிந்த கண்ணாடியைத் துடைத்தேன். ஓரமாக நின்ற இன்னொரு லோரியின் பின்கதவு இடுக்கில் இருவர் முனியாண்டியின் கையை வைத்துப் பிடித்திருந்தார்கள். மூன்றாமவன் கதவை அறைந்தான். முனியாண்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பஸ் நகர்ந்தது... நான் இறங்கவில்லை.

பிறகு வாக்குமூலம் வாங்கப் போய், கூசாமல் கேட்டேன். "யாராச்சும் பாத்தாங்களா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "பஸ்ல ஒருத்தரு பாத்தாரு சார். புள்ளகுட்டிக்காரரா இருப்பாரு. அவரா வந்து சொன்னாத்தான் உண்டுலா."

அவன் மனைவி லெட்சுமி விடவில்லை. "குடிகாரன்னு பேரு வந்துருச்சு சார். அத மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். ஞாயிறுதோறும் பிரிஞ்சாங் சந்தைக்குப் போய், அந்தப் பஸ்ஸில் வந்தீர்களா என்று கண்டவரையெல்லாம் கேட்டாள். நானும் கூடவே போனேன், தேடுகிறவனைப்போல... இதைவிடக் கேவலம் உண்டா?

ஏன் சொல்லவில்லை? கணக்கெடுப்பவன் பெயர் வெளியே வராது. சாட்சியின் பெயர் வரும். வேலை போய்விடும் என்று பயந்தேன். என் மகள் அப்போது கைக்குழந்தை. இவை உங்களுக்குப் போதுமா? எனக்குப் போதவில்லை.

அறிக்கை அச்சாகி வந்தது. எங்கள் மலையில் ஒரு சம்பவமும் இல்லையாம்.

முனியாண்டி குடிகாரன் என்ற பெயரோடேயே செத்தான். எண்பதுகளில் நான் மாற்றலாகிக் கிளம்பிய அன்று, லெட்சுமி பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு தேயிலைப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"என்கூட எவ்ளோ அலஞ்சீங்க சார். அந்த ஆளு கிடைக்கலன்னா நீங்க என்னா செய்வீங்க? மனசுல வச்சிக்காதீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் புறப்பட நேரம் இருந்தது... பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

அவள் இன்னும் இருக்கிறாளா, தெரியாது. விசாரித்ததே இல்லை. இருக்கிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால், போய்ச் சொல்ல வேண்டியிருக்குமே...