மூன்றாவது ரீடிங்

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிற ஜோவிதாவிடம் ஒரு சட்டம் உண்டு. அசைன்மென்ட்டை யாரும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. மூன்று நிமிட வீடியோவாக எடுத்து வர வேண்டும். பாட்டு சேர்க்கக் கூடாது. வீட்டிலோ தெருவிலோ நடக்கிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கிற வேதியியலைத் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதில் தப்பு இருந்தால்? அங்கேதான் அவளுடைய பிடிவாதம். தப்பை வெட்டி எறியக் கூடாது. அது இருந்த இடத்தில் இருக்கட்டும், திருத்தத்தை எடுத்துப் பின்னால் ஒட்டு என்பாள்.

இந்தப் பிடிவாதத்தின் காரணம் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறபோதுகூட அவள் அதைச் சொன்னதில்லை.

இதே கல்லூரியில் அவள் இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது. டைட்ரேஷன் சோதனை. குடுவையில் இருக்கிற கரைசலின் நிறம் மாற, பியூரெட் குழாயிலிருந்து எத்தனை மில்லி சொட்டியது என்று மூன்று தடவை அளக்க வேண்டும். முதல் ரீடிங் 19.3. இரண்டாவதும் 19.3. மூன்றாவதற்குக் குடுவையைத் தட்டிவிட்டாள், மணியும் அடித்துவிட்டது. இல்லாத ரீடிங்கை எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் பக்கத்தில் பார்த்து எழுதினாள் என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்து, 19.7 என்று போட்டாள். புத்திசாலித்தனமாம்! அவள் கையெழுத்து வேறு அச்சடித்த மாதிரி இருக்கும். மதிவாணன் சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு 'வெரி குட்' என்றும் எழுதினார். அப்படிப்பட்ட நோட்டு சும்மா கிடக்குமா? ஜூனியர்கள் வாங்கிப் பார்த்து எழுதினார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுடைய ஜூனியர்கள்.

நாலு வருடத்துக்கு முன்பு ஜோவிதா இங்கேயே ஆசிரியையாக வந்தாள். ஒருநாள் மேசைமேல் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டு ஒன்றைப் புரட்டினாள். 19.3, 19.3, 19.7. அடுத்ததைத் திறந்தாள். 19.3, 19.3, 19.7. ஐம்பத்தெட்டு நோட்டிலும் அவளுடைய பொய் விதவிதமான கையெழுத்தில் உட்கார்ந்திருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. அந்த வாரமே வீடியோ அசைன்மென்ட்டை ஆரம்பித்தாள். ஆனால் ரெக்கார்டு நோட்டு மதிவாணனின் ராஜ்ஜியம். அங்கே 19.7 சௌக்கியமாக இருந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

மதிவாணன் இப்போது துறைத் தலைவர். வீடியோ அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"ரீல்ஸ் எடுக்கவா மேடம் பெத்தவங்க காலேஜுக்கு அனுப்பறாங்க?" என்றார். "வெள்ளிக்கிழமை மீட்டிங்ல ஒரே ஒரு வீடியோ போட்டுக் காட்டுங்க. சரியில்லன்னா அடுத்த செமஸ்டர்லேர்ந்து பழையபடி எழுத்துதான்."

நாலு வருட உழைப்பு ஒரு வீடியோவில் நின்றது. ஜோவிதா யோசிக்காமல் தன் மாணவி தேவிப்பிரியா எடுத்ததைக் கொடுத்தாள்.

தேவிப்பிரியா வீராம்பட்டினத்துப் பெண். அம்மா கமலவேணி மீன் விற்கிறாள். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பு போடுவதைப் பார்த்த தேவிப்பிரியா, உப்பு போட்டால் ஐஸ் கரையாமல் நிற்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, அம்மாவின் மீன் பெட்டிக்கு முன்னால் நின்று அடித்துப் பேசியிருந்தாள். தப்பு. ஜோவிதா அதை விளக்கவில்லை. ரெண்டு பெட்டி வைத்துப் பார் என்று மட்டும் சொன்னாள். பார்த்த பிறகு எடுத்த திருத்தம் பின்னால் ஒட்டியிருந்தது.

விஷயம் தெரிந்ததும் தேவிப்பிரியா ஓடி வந்தாள்.

"மேம், வேற யாரோடதாவது போடுங்களேன். இல்லன்னா முதல் பாதிய வெட்டிடறேன். சார் முன்னாடி மானம் போயிடும்."

"வெட்டாத."

"உங்களுக்கென்ன மேம், தப்பு என்னோடதுதானே."

ஜோவிதாவுக்குச் சுருக்கென்றது. சாயந்திரம் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போனதும் பரண்மேல் ஏறி, தன் பழைய நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள். வைத்த பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வீடியோ ஓடியது. "உப்பு போட்டா ஐஸ் கரையாது" என்று தேவிப்பிரியா சொன்ன இடத்தில் மதிவாணன் கையை உயர்த்தினார்.

"இதுக்கு மார்க் வேறயா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். "முழுசாப் பாருங்க சார்" என்றாள் ஜோவிதா.

திரையில் இப்போது இரண்டு தெர்மாகோல் பெட்டிகள். "என் மீன்ல மட்டும் உப்பக் கொட்டின, அவ்ளோதான்" என்று கமலவேணியின் குரல் கேட்டது. அதனால் இரண்டிலும் மீன் இல்லாமல் ஐஸ் மட்டும்; ஒன்றில் மட்டும் ஐஸ்மேல் உப்பு. விடியற்காலையில் மூடி வைத்ததைப் பதினோரு மணிக்குத் திறந்தால், உப்பு போட்ட பெட்டியில் பெரும்பாலும் தண்ணீர்; மற்றதில் பாதிக்குமேல் ஐஸ். உப்புத் தண்ணீரில் தெர்மாமீட்டர் சைபருக்குக் கீழே நின்றது. "நான் முதல்ல சொன்னது தப்பு" என்றாள் தேவிப்பிரியா, நேராகப் பார்த்து. "உப்பு போட்டா ஐஸ் சீக்கிரம் கரையுது. ஆனா கரையும்போது இன்னும் ஜில்லுன்னு ஆகுது. குல்ஃபிக்கு அதுதான் வேணும்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மதிவாணன் மட்டும் விடவில்லை. "இருந்தாலும் தப்பு தப்புதானே. ரெக்கார்டு நோட்டுல இந்தப் பேச்சே இல்ல. ஒவ்வொரு பக்கமும் பாத்துதான் கையெழுத்துப் போடறேன்."

ஜோவிதா எழுந்தாள். அலமாரியிலிருந்து இந்த வருட நோட்டு ஒன்றை எடுத்தாள். பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். இரண்டையும் ஒரே சோதனையில் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த மூணாவது ரீடிங்க யாருமே எடுக்கல சார். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி குடுவையக் கொட்டிட்டு நானா எழுதினது. அதத்தான் இன்னிக்கும் எழுதறாங்க."

மதிவாணன் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பக்கத்திலும் அவருடைய சிவப்புக் கையெழுத்து.

"நானும் பாக்கல" என்றார் மெதுவாக.

"நானும் சொல்லல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீடியோ இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா மேடம், உங்க சட்டம் உங்களுக்கும் உண்டுல்ல?"

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் வகுப்பு முழுதும் கூடி நின்றது. மதிவாணனும் கடைசி மேசையில் சாய்ந்து நின்றார். ஜோவிதா பியூரெட்டை நிரப்பினாள். போனைப் பிடித்திருந்தவள் தேவிப்பிரியா.

"முதல்ல தப்பச் சொல்லுங்க மேம். அப்புறம்தான் திருத்தம்."

ஜோவிதா கேமராவைப் பார்த்தாள். "நான் செகண்ட் இயர் படிச்சப்போ..." என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் தடுக்கிக்கொண்டது.

"அந்த இடத்த வெட்டிடட்டுமா மேம்?"

"வெட்டாத" என்றாள் ஜோவிதா.