மரவள்ளி என்றால் இடப்பக்கம்

"அதைத் தொடாதேங்கோ அக்கா. அவர் எங்கட எறிகாரன்" என்று சொல்லிக்கொண்டே, வாங்க வந்த பெண்மணியின் கையிலிருந்து பூசணிக்காயைப் பறித்து மறுபடியும் பெட்டி மூடியின் மேல் வைத்தார் மடுத்தீன். பூசணிக்கு முன்னால் ஐந்து மரவள்ளிக்கிழங்குகள் வரிசையாகக் கிடந்தன. அவை தடுப்புக்காரர். பின்னால் நின்ற கத்தரிக்காய் ஓட்டக்காரன். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். மடுத்தீன் கத்தரிக்காயை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு, தாடையைச் சொறிந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில் கிழமைக்கு ஆறு நாள் மரக்கறி இறக்குகிற மனிதர் இவர். ஏழாம் நாள் ஸ்தேன் என்ற புறநகரில் ஒரு அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் தாக்குதல் பயிற்சியாளர். சம்பளம் வாங்கி ஆடுகிற வெளிநாட்டுக்காரர் மூன்று பேர் உள்ள கழகம், சும்மா இல்லை. முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

2009இல் ஊரிலிருந்து வந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை அந்தக் கழகத்தின் மைதானத்தைக் கூட்டுவது. விளக்குமாற்றைப் பிடித்தபடி இரண்டு வருடம் பயிற்சியைப் பார்த்தார். ஒருநாள், ஓடுவதற்கு முன் உங்கள் ஆள் வலக்குதிகாலைத் தூக்கிக் காட்டிக்கொடுக்கிறான் என்று பயிற்சியாளரிடம் சைகையில் சொன்னார். அதன் பிறகு அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் பொறுப்பையே கொடுத்துவிட்டார்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து முட்டை வடிவம். காலுக்கு அதில் வேலை குறைவு. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். பந்தோடு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது தூரத்தில் நிற்பவனுக்கு எறியலாம். எப்போது ஓட்டம், எப்போது எறி என்று கரையில் நின்று கத்துவதுதான் மடுத்தீனின் உத்தியோகம். எதிரிக்கு விளங்கக் கூடாதே என்று அவர் தமிழில் கத்துகிறார். கிழங்கு என்றால் ஓட்டம்: மரவள்ளி இடப்பக்கம், இராசவள்ளி நடு. கீரை என்றால் எறி: பொன்னாங்காணி கிட்ட, வல்லாரை தூர. மாலிக்காரரும் குவாதலூப்காரரும் பிரெஞ்சுக்காரரும் "ராசவல்லி, ராசவல்லி" என்று முணுமுணுத்தபடி வரிசைக்குப் போவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. கீரை அவர் வாயில் வராது. 2014இல் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து எறியச் சொன்னார், எதிரி பிடித்துக்கொண்டு ஓடினான், கிண்ணம் போயிற்று. "கிழங்கு ஒரு கிழமை கிடந்தாலும் கிழங்குதான். கீரை பின்னேரமே வாடிப்போம்" என்பார். பத்தில் எட்டு ஓட்டம். கழகத் தலைவி ஜெனவியேவ் அவர்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவரே போன ஆனியில் சொல்லிவிட்டார்: இரண்டையும் கலந்து ஆட வேண்டும், கடைசி ஆட்டத்தில் தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவோம், அப்புறம் கரையில் வேறொருவர்தான் நிற்பார்.

மறுநாள் கடையில் பெட்டிகளை இறக்கிவிட்டு, நெடுநாள் வாடிக்கையான என்னிடம் மட்டும் மடுத்தீன் சொன்னார்: "இஞ்சை நான் சொன்னா ஒருத்தரும் கேக்கிறேல்லை. அங்கை நாப்பத்தைஞ்சு பேர் கேக்கிறாங்கள். அது போனா நான் வெறும் பெட்டி தூக்கிறவன்."

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மனிதருக்குப் பொய் வராது. முருங்கைக்காய் முற்றலென்றால் முற்றல் என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார். முதலாளிக்கு இரத்த அழுத்தம் ஏறியதற்கு இவரும் ஒரு காரணம்.

கடைசி ஆட்டம் நடந்த ஞாயிறு பின்னேரம் நானும் போனேன். முதல் பாதியில் மரவள்ளி என்றால் எதிரணி முழுவதும் இடப்பக்கம் குவிந்தது. இராசவள்ளி என்றால் நடுவில் மலைபோல் நின்றது. மடுத்தீனுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எதிரணியின் தடுப்பு வரிசையிலிருந்து, நூற்றிருபது கிலோ தேறும் ஒரு வாலிபன் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

"அண்ணை, இண்டைக்குக் கிழங்கு விலைப்படாது."

பெயர் றூபன், இங்கேயே பிறந்தவன். முந்திய ஆட்டங்களில் கரையிலிருந்து கேட்டு, எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் என்று பாடமாக்கியிருக்கிறான் போலும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மரக்கறி இறக்குகிறவர், தமிழ் தெரிந்த ஒருவன் எதிரே நிற்கக்கூடும் என்று பத்து வருடமாக நினைத்தே பார்க்கவில்லை! எனக்குச் சிரிப்பு வந்தது.

இடைவேளையில் ஜெனவியேவ் இறங்கி வந்து, குறிச்சொற்களை மாற்றச் சொன்னார். மடுத்தீன் தலையாட்டினார், மாற்றவில்லை. இரண்டாம் பாதியிலும் அதே சொற்களைக் கத்தினார். ஆனால் கீரையும் வந்தது. பொன்னாங்காணி, இராசவள்ளி, பொன்னாங்காணி, வல்லாரை. றூபன் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தான். ஒவ்வொன்றும் மெய்யாகவே இருந்தது. எது வருமென்று தெரிந்தும், இரண்டு பக்கமும் இழுபட்டு அவர்கள் களைத்தார்கள். நம் பக்கம் கஜம் கஜமாக முன்னேறியது.

கடைசி முயற்சி. நாலு புள்ளி பின்தங்கல். கோட்டுக்கு நாலு கஜம். 2014இல் நின்ற அதே தூரம். மடுத்தீன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, எறிகாரனை அழைத்து அவன் காதில் ஏதோ சொன்னார். பிறகு கரையின் விளிம்புக்கு வந்து, கைகளை வாயருகே குவித்து, மைதானம் அதிரக் கத்தினார்.

"மரவள்ளி!"

றூபன் கையை வீசித் தன் ஆட்களை இடப்பக்கம் இழுத்தான். பத்துப் பேர் அங்கே விழுந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலால் வலப்பக்க மூலைக்குப் போயிற்று. அங்கே தனியாக நின்றவன் அதைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். காதில் சொன்னது பொன்னாங்காணி, அதையே மற்றவர்களுக்கும் முணுமுணுத்தேன் என்று எறிகாரன் பிறகு எனக்குச் சொன்னான்.

நான் துள்ளிக் குதித்தேன்; என் வயதுக்கு அது அழகில்லை. ஜெனவியேவ் அழுதுகொண்டு ஓடிவந்தார். நாற்பத்தைந்து பேரும் "மதுத்தேன், மதுத்தேன்" என்று கத்தியபடி அவரைத் தூக்க வந்தார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு மறுபக்கம் போனார். றூபன் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் ஆட்கள் ஒருவரும் அவன் அருகில் வரவில்லை.

"நீங்கள் மரவள்ளி எண்டுதானே அண்ணை சொன்னியள்" என்றான்.

மடுத்தீன் முழங்கால் நோவோடு மெல்ல அவன் அருகே ஈரப் புல்லில் உட்கார்ந்து, அவன் தாடைக்குக் கீழே இறுகிக் கிடந்த கவசத்தின் வாரை இரண்டு கைகளாலும் கழற்றத் தொடங்கினார்.