பத்து நாவல்களை அடித்துவிட்டேன்

நாற்பத்தெட்டு வயதில் தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். ஆங்கிலத்தைத் தாங்களாகவே கற்க ஆளுக்கொரு இலக்கு எழுதி வரச் சொன்னார் பேராசிரியை. ஒரு பருவத்தில் பத்து ஆங்கில நாவல்கள் என்று எழுதினேன். தமிழில் நிறையப் படித்தவன் என்ற திமிர்.

ஒரு மாதமாகியும் முதல் நாவலின் நான்காம் பக்கத்தைத் தாண்டவில்லை. படிப்பையே விட்டுவிடும் முடிவோடு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் என் வகுப்புத் தோழி. தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்ப்பவள். என் இலக்குத் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா சார், இது உங்களுக்கு எழுதினதா, மேடத்துக்கு எழுதினதா?”

“நீ இன்னாம்மா எழுதின?”

“ஒண்ணுதான் சார். சூப்பர்வைசர் இங்கிலீஷ்ல பேசினா சும்மா தலையாட்டிக்கினு நிக்காம, ‘புரியல, மறுபடி சொல்லுங்க’ன்னு இங்கிலீஷ்லயே கேக்கணும். நேத்துதான் கேட்டேன். மெதுவா சொன்னாரு.”

இருபது வருடமாக நானும் அலுவலகத்தில் தலையாட்டித்தான் சம்பளம் வாங்குகிறேன். பொன்னேரி வருவதற்குள் பத்து நாவல்களையும் அடித்துவிட்டு, அவள் பேனாவாலேயே அவளுடைய இலக்கை எழுதிக்கொண்டேன்.

மறுவாரம் பேராசிரியை அதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். புரியவில்லை என்றேன், ஆங்கிலத்தில். மெதுவாகச் சொன்னார். படிப்பு பிழைத்தது.

அவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். தமிழிலேயே வார்த்தை வரவில்லை.