ஒன்பதாம் விதி

அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டமன்றக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில் லோர்னா ட்வெய்ட்டுக்கு ஒரு மேசை. எந்த மசோதா வந்தாலும் அரசுக்கு என்ன செலவாகும் என்று ஒரு பக்கம் எழுதித் தருவது அவள் வேலை. அந்தப் பக்கம் இல்லாமல் எதுவும் வாக்கெடுப்புக்குப் போகாது. அமைதியான பொம்பளை என்று எல்லோருக்கும் நினைப்பு. செனட்டர் கிரேடி ஹாஸ்கெல் மேல் அவள் பதினொரு வருஷமாக வளர்த்துவந்த வன்மம் ஒருவருக்கும் தெரியாது.

அவள் தம்பி ஆர்னே கூரைத் தகடு போடுகிறவன். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு அவன் சம்பளம் கொஞ்சம் கூடுதல். சொந்தமாகக் காப்பீடு வாங்கவோ போதாது. அவனைப் போன்றவர்களையும் சேர்க்க ஒரு மசோதா வந்தது. நோய் முற்றும் முன்பே ஜனங்கள் டாக்டரிடம் போனால் ஆஸ்பத்திரிகளுக்கு அரசு கொட்டும் பணம் குறையும் என்று, செலவுக்குப் பக்கத்திலேயே மிச்சத்தையும் எழுதினாள் லோர்னா. நிதிக் குழுத் தலைவரான ஹாஸ்கெல் சபையில் சிரித்தார்.

“மிச்சமா? கனவு காணாத, லோர்னா. கனவுக்கு இங்க எடமில்ல.”

சிரித்ததோடு விட்டாரா? காப்பீட்டு மசோதாக்களுக்குச் செலவை மட்டுமே எழுத வேண்டும் என்று ஒன்பதாம் விதியைக் கொண்டுவந்தார். வெறும் செலவைப் பார்த்து மிரண்ட உறுப்பினர்கள் மசோதாவைத் தோற்கடித்தார்கள். காப்பீடு இல்லாமல் டாக்டர் செலவுக்குப் பயந்து, சிறுநீரில் ரத்தம் போனதை ஆர்னே ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்து நான்கு வயதில் செத்தான். அந்த மசோதா அதன்பின் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் வந்து, அதே விதியால் விழுந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஹாஸ்கெலுக்குத் தேர்தலில் நின்று மாநில ஆளுநராகும் ஆசை வந்தது. காப்பீட்டில் இருக்கும் ஏழைகள் மாதாமாதம் வேலை நேரத்தைப் பதிந்து காட்ட வேண்டும், தவறினால் காப்பீட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அரசுக்கு எக்கச்சக்க மிச்சம் என்று ஊர் ஊராக முழங்கினார். லோர்னா எழுதிய பக்கம் மேலே போன மறுநிமிஷம் கீழே இறங்கி ஓடிவந்தார்.

“என்ன இது? ஆளுங்க, கம்ப்யூட்டர், தபால்னு ஒரே செலவு! மிச்சம் எங்க?”

“ஒன்பதாம் விதி, செனட்டர். நீங்க போட்டதுதான்.”

“அட, அந்த எழவ இன்னிக்கே தூக்கிடறேன்!”

“உங்க இஷ்டம்.”

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வரிசையில் வேறென்ன மசோதா காத்திருக்கிறது என்று பார்க்கக்கூட மனுஷனுக்குப் பொறுமையில்லை. அன்று மாலையே விதி போனது. லோர்னா அவருடைய பக்கத்தை நேர்மையாகத் திருத்தினாள். மிச்சம் வந்தது; செலவில் பாதிகூடத் தேறவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்தாள். ஆர்னே காலத்து மசோதாவுக்கு மிச்சத்தோடு எழுதிய பக்கத்தை வருஷாவருஷம் புதுப்பித்துத் தயாராக வைத்திருந்தாள். அதையும் மேலே அனுப்பினாள்.

ஒரே வாரத்தில் அவருடைய மசோதா விழுந்தது, மற்றது ஏழு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஹாஸ்கெல் நேராக அவள் மேசைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்னை வெச்சே அந்த விதியத் தூக்க வெச்சிட்டியே. பழி வாங்குனியா?”

லோர்னாவுக்கு வயிறு குளிர்ந்தது. பேனாவை மூடினாள்.

“ஆமா, செனட்டர். என் தம்பி பேரு ஆர்னே.”